கல்யாணக் காருக்குத் தோள் பெல்ட்

எனக்கு ஒரு மூத்தாள் உண்டு என்று அந்தக் காலத்தில் விளையாட்டாகச் சொல்வேன். அது என் கணவருடைய ஓப்பன் கார். நான் அந்த வீட்டுக்கு மருமகளாகப் போவதற்கு முன்பே அது வந்துவிட்டது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்திடம் அவர் வாங்கிய பழைய வெளிநாட்டு வண்டி. க்ரீம் நிறம், துணிக் கூரை. விவேக் நகரில் எங்கள் சுற்றுவட்டாரத்தில் கல்யாணம் என்றால், கோயிலிலிருந்தோ சர்ச்சிலிருந்தோ மண்டபத்துக்கு ஜோடியை ஏற்றிப் போவது அதுதான். ஓட்டுவது அவர், போனில் புக்கிங் எடுப்பது நான்.

அந்தக் காரில் போகும் ஜோடி சீட்டில் உட்காராது. கூரையை மடித்தால் பின்சீட்டுக்குப் பின்னால் மெத்தை போலக் குவியும். அதன்மேல் ஏறி உட்கார்ந்து, கால்களைச் சீட்டில் வைத்துக்கொண்டு, பேண்டு செட்டுக்குப் பின்னால் கையாட்டிக்கொண்டே போவார்கள். சீட்டில் உட்கார்ந்தால் வீடியோவில் வெறும் தலைதான் தெரியுமாம்.

தொண்ணூறுகளின் நடுவில் என் தங்கைக்குக் கல்யாணம். அவளும் அப்படித்தான் ஏறினாள். பேண்டு செட் மெயின் ரோடு வரைக்கும்தான். மண்டபம் அடுகோடிப் பக்கம். பேண்டு நின்றதும் கார் வேகம் எடுத்தது. முன்சீட்டில் இருந்த நான் திரும்பி, "கீழ எறங்கி ஒக்காருடி" என்றேன். "சும்மா இருக்கா, இன்னிக்கு ஒரு நாள்தானே" என்று சிரித்தாள். எங்களுக்கு முன்னால் பைக்கில் திரும்பி உட்கார்ந்து போன வீடியோக்காரர், "அப்பிடியே இருங்க மேடம், சூப்பரா இருக்கு" என்று கத்தினார்.

சந்திலிருந்து ஓர் ஆட்டோ குறுக்கே வந்தது. என் கணவர் பிரேக்கை மிதித்து ஸ்டியரிங்கை ஒடித்தார். மாப்பிள்ளை சீட்டுக்குள் விழுந்தார். என் தங்கை ரோட்டில் விழுந்தாள்.

கழுத்தெலும்பில் அடி. உயிர் தங்கியது, பேச்சும் தங்கியது. கழுத்துக்குக் கீழே எதுவும் அவள் சொல்லைக் கேட்கவில்லை. மாப்பிள்ளை வீட்டார் ஆஸ்பத்திரிக்கு ஆப்பிளும் ஆரஞ்சும் கொண்டுவந்தார்கள். பிறகு ஆப்பிளும் வரவில்லை, மாப்பிள்ளையும் வரவில்லை. அவளை எங்கள் வீட்டில் வைத்துக்கொண்டோம்.

காருக்கு ஒரு கீறல்கூட இல்லை. அடுத்த கல்யாண சீசனுக்கு அதற்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார் என் கணவர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "வண்டி என்ன பண்ணுச்சு? ஆட்டோக்காரன் வந்தான்" என்றார். பின்சீட்டில் தோளோடு மாட்டும் பெல்ட் போட்டால்தான் இனி போனைத் தொடுவேன் என்று சொல்லிவிட்டேன். என் தங்கைக்கு நடந்தது இன்னொருத்திக்கு நடக்கக்கூடாது. அதைத் தவிர வேறெதுவும் நான் கேட்கவில்லை.

அடுகோடி மெக்கானிக் காரைச் சுற்றிச் சுற்றி வந்தார். "மத்த கார்ல கதவுக்குப் பின்னாடி தூண் இருக்கும்மா. பெல்ட்டோட மேல் முனைய அதுல மாட்டுவோம். இதுல தூணும் இல்ல, கூரையும் துணி. எதுல மாட்றது? சும்னே, சும்மா ஒரு இடுப்பு பெல்ட்டு போட்டு விட்ருங்க."

"அதான், அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்று உடனே சேர்ந்துகொண்டார் என் கணவர்.

நான் அட்ஜஸ்ட் பண்ணவில்லை. கடைசியில் பின்சீட்டுக்குப் பின்னால், அடிச்சட்டத்தோடு சேர்த்து, இரும்புக் குழாயை வளைவு போல வளைத்து தோள் உயரத்துக்கு வெல்டிங் வைத்தார்கள். பெல்ட்டுகள் சிவாஜிநகரில் பழைய உதிரி பாகக் கடையில் கிடைத்தன. ஜோடிகள் ஏறி உட்காரும் இடத்தில்தான் அந்த வளைவு நின்றது. இனி யாரும் மேலே ஏற முடியாது. எனக்கு வேண்டியதும் அதுதான்.

முதலில் நானே பின்சீட்டில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டேன். ஒர்க்‌ஷாப் தெருவில் அவரை வேகமாக ஓட்டச் சொல்லி, சட்டென்று பிரேக் போடச் சொன்னேன். பட்டை என் தோளைப் பிடித்து நிறுத்தியது. இரண்டு விரல் அகலமுள்ள பட்டை. இதுகூட இல்லாமல் போயிற்றே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

பிறகு கல்யாண வீட்டுக்காரர்கள் காரைப் பார்க்க வந்தார்கள். ஒரு பெண்ணின் அம்மா பெல்ட்டை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குவது போல.

"என்னம்மா இது? கட்டின தாலி மேல பட்டையப் போட்டு இழுத்துக் கட்டுவீங்களா? நல்ல நாளும் அதுவுமா?"

"பாதுகாப்புக்குங்க" என்றேன்.

"ஓப்பன் கார்ல யாரு பெல்ட்டு போடறாங்க? இந்த வண்டில ஏதோ நடந்திருக்கு."

என் தங்கை விழுந்ததை அக்கம்பக்கத்துத் தெருக்காரர்கள் அதற்குள் மறந்திருந்தார்கள். அந்தப் பெல்ட் எல்லோருக்கும் ஞாபகப்படுத்தியது. அது ராசியில்லாத வண்டி என்று பேச்சு பரவியது. ஒரு பெண் விழுந்தபோது வராத அபசகுனம், இன்னொரு பெண் விழாமல் இருக்கப் பட்டை மாட்டியதும் வந்துவிட்டது. போன் அடிப்பது நின்றது.

ஒருநாள் தங்கையை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்த் திரும்பினேன். வாசலில் கார் பழையபடி நின்றது. வளைவை அறுத்து, அறுத்த தடத்தின்மேல் பெயின்ட் அடித்திருந்தார்கள். வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். "ஊருக்கே வேணாம்னா நான் ஒருத்தன் என்ன பண்றது?" என்றார். அன்றோடு நான் போனைத் தொடுவதை விட்டேன். அவரே எடுத்துக்கொள்கிறார். புக்கிங்குக்குக் குறைவில்லை.

தங்கை வீல் சேரில் நேராக உட்கார மாட்டாள், பக்கவாட்டில் சரிந்துவிடுவாள். பழைய புடவையைக் கிழித்துத்தான் கட்டி வைப்பேன். என் கணவர் கெட்டவர் அல்ல, அதுதான் கொடுமை. ஒரு நாள் அந்தச் சேரை எடுத்துப்போய், காரிலிருந்து கழற்றிய பெல்ட்டுகளில் ஒன்றை அதில் பொருத்திக் கொண்டுவந்தார். "பாத்தியா, வீணாப் போகல" என்றார். உண்மையிலேயே சந்தோஷமாகச் சொன்னார். தினமும் காலையில் அதைத் தங்கையின் தோளுக்குக் குறுக்கே இழுத்து மாட்டுகிறேன். நன்றாகத்தான் பிடிக்கிறது.

போன மாதம் தெருவில் பேண்டு சத்தம் கேட்டது. "அக்கா, ஜன்னல் கிட்ட தள்ளு" என்றாள். தள்ளினேன். எங்கள் கார்தான் வந்தது. என் கணவர் நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். பின்னால் மடித்த கூரையின் மேல் ஒரு கல்யாணப் பெண், தலையில் சர்ச் கல்யாணத்து வெள்ளை முக்காடும் பூவுமாக, இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, அவள கீழ எறங்கி ஒக்காரச் சொல்லு" என்றாள் தங்கை.

ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே கையை நீட்டி, கீழே, கீழே என்று காட்டிக்கொண்டே தொண்டை கிழியக் கத்தினேன். பேண்டு சத்தத்தில் எதுவும் கேட்கவில்லை. வாழ்த்துகிறேன் என்று நினைத்து அந்தப் பெண் சிரித்தபடி எங்களுக்குக் கையாட்டினாள்.