ரைனுக்கு அங்கால செல்லாத சட்டம்

டின் மீனும் வெங்காயமும் வதங்கும் மணம்... பிராங்பேர்ட்டுக்குப் பக்கத்தில் எங்கள் அகதி முகாமின் குசினி எந்நேரமும் அப்படித்தான் மணக்கும். நாலு அடுப்பில் ஒன்றுதான் எரியும். அதற்கு வரிசை. (அதில் நாங்கள் புட்டு அவித்துப் பட்ட பாடு தனிக்கதை, விடுங்கள்.)

என் அறைக்காரர் மகேந்திரண்ணை. ஊரில் லொறி ஓடினவர். தஞ்ச வழக்குத் தோற்று, திருப்பி அனுப்பும் கடிதம் வந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து, அமெரிக்காவிலிருந்த அவருடைய மச்சான் தொலைபேசியில் ஒரு கதை சொன்னார். அங்கே முந்தி ஒரு மாநிலம், நடுவண் அரசின் வரிச்சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்ததாம். பிறகு, தப்பி வந்த அடிமைகளைப் பிடித்துக்கொடுக்க வடக்கு மாநிலங்கள் மறுத்தனவாம்.

அண்ணை அதைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இஞ்சயும் மாநிலங்கள்தானே? ரைன் ஆத்துக்கு அங்கால மைன்ஸ் வேற மாநிலம். இந்தக் கடிதம் அங்க செல்லாது."

"அண்ணை, அது அமெரிக்கா. இஞ்ச நாங்கள் அனுமதியில்லாமல் மாவட்டம் தாண்டவே ஏலாது. வக்கீல் இன்னொருக்கா எழுதிப் பாக்கிறன் எண்டவதானே, பொறுங்கோ."

"போடா பயந்தாங்கொள்ளி. எஸ்-பான் ரெயிலில ஏறினால் சரி. சட்டம் என்ன, ஆத்தை நீந்தி வரப்போகுதோ?"

வரிசையில் நின்ற எல்லோரும் சிரித்தோம்.

அடுத்த நாள் சேர்ட்டை அயர்ன் பண்ணிப் போட்டுக்கொண்டு போனார். போய் ஒளிந்திருக்கலாம்... ஒளியவில்லை. நேரே மைன்ஸ் பொலிசுக்குப் போய், கடிதத்தை மேசையில் வைத்து, "உங்கட மாநிலம் இதை ஏற்காதுதானே?" என்று கேட்டிருக்கிறார்.

மரியாதையாகக் கோப்பி கொடுத்து இருத்தினார்களாம். பின்னேரம் வாகனம் வந்ததாம். அனுமதியில்லாமல் எல்லை தாண்டியதைத் தப்பியோட்டமாக எடுத்து, தடுப்புக்காவலில் போட்டார்கள். வக்கீல் ஓடித் திரிந்தும் ஒன்றும் நடக்கவில்லை.

அங்கிருந்து ஒருமுறை பேசினார். "தம்பி, மச்சானிட்டக் கேட்டுச் சொல்லு... அந்த மாநிலங்கள் கடைசியில வெண்டதாமோ?"

கேட்டேன். முதல் மாநிலம் பின்வாங்கியதாம். வடக்கு மாநிலங்களுக்கோ அந்த அதிகாரமே இல்லையென்று நீதிமன்றம் சொன்னதாம். அதை அவருக்குச் சொல்லுமுன் விமானம் போய்விட்டது. கொழும்பில் இறங்கினார் என்பதுவரைதான் தெரியும்.

இப்போது போனைத் திறந்தால் அமெரிக்கச் செய்தி. விசா இல்லாத ஆட்களைப் பிடிக்க நடுவண் அரசுக்கு உதவமாட்டோம் என்று மாநிலங்கள் சொல்கின்றன. கூட்டம் கைதட்டுகிறது. அந்த முகங்களில் தெரியும் நம்பிக்கையைப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

அன்று எங்களால் ஒரு ஆற்றைத் தாண்ட ஏலாமல் இருந்தது. இன்று ஜெர்மன் பாஸ்போர்ட் இருக்கிறது, எந்த எல்லையும் தாண்டலாம்.

அண்ணையைத் தேடி எங்கே போவது?