பரணிலிருந்து விழுந்த ரஷ்ய அகராதி

நான் ஒரு அகராதியைத் திருடியவன். நகை, பணம் என்றாலாவது சொல்லிக்கொள்ளக் கொஞ்சம் கௌரவமாக இருக்கும். போன வாரம் பரணை ஒழித்தபோது அந்த ரஷ்ய–ஆங்கில அகராதி என் தோளில் விழுந்தது. பிரித்தால் பழைய பசையும் பாச்சை உருண்டையும் கலந்த வாசனை. உடனே மேற்குத் தாம்பரத்து மாடி ஆபீஸ் ஞாபகம் வந்தது. அது வந்தால் அன்வர் வராமல் இருப்பானா?

சிங்கப்பெருமாள் கோவிலில் பாக்டரி வைத்திருந்த எங்கள் முதலாளி ரஷ்யாவிலிருந்து மெஷின் வாங்கினார். அதன் கையேடுகளை ஆங்கிலமாக்க அன்வரும் நானும். நட்டு, போல்ட் வரை நான் ராஜா. ஆனால் மெஷினோடு வந்த ரஷ்ய இன்ஜினியர் வாயைத் திறந்தால் பழமொழிதான். முதலாளி அவற்றில் பத்தை எழுதி வாங்கி எங்களிடம் நீட்டினார்.

"திங்கட்கிழமை ரெண்டு பேரும் இங்கிலீஷ்ல குடுங்க. யாரோடது நல்லா இருக்கோ, அவர் என்கூட மாஸ்கோ வரலாம்."

அன்வர் என்னைவிட ஆறு வயது இளையவன். கையெழுத்து அழகு, தலைமுடி அழகு, டீக்கடையில்கூட அவன் கிளாஸில் மட்டும் நுரை அதிகம். மாஸ்கோவும் அவனுக்கா? சனிக்கிழமை சாயங்காலம் ஆபீசின் ஒரே அகராதியைச் சாப்பாட்டுப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். டிபன் பாக்ஸுக்குப் பையில் இடமில்லை; அது ஆபீசிலேயே கிடந்து நாறியது.

ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்திருந்தேன். திங்களன்று முதலாளி படித்துவிட்டு நிமிர்ந்தார். "என்ன சார், ஒரே ஓநாயும் கரடியுமா இருக்கு? வண்டலூர் ஜூவா?"

அன்வருடையதைப் படித்ததும் சத்தமாகச் சிரித்தார். "இது எங்க மாமியார் என்னைப் பார்த்துச் சொல்றதாச்சேப்பா!"

அன்வர் மாஸ்கோ போனான். பனியில் நின்று எடுத்த போட்டோ ஒன்றை எனக்கு அனுப்பினான். அதில் அவன் போட்டிருந்த ரோமத் தொப்பியை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்த மாடியில் இப்போது மொபைல் கடை. போனை நீட்டினால் ரஷ்ய மொழி கண்ணிமைப்பதற்குள் ஆங்கிலமாகிவிடுகிறது. பொறாமைப்படக்கூட எதிரில் ஆள் இல்லை. அகராதியைத் தூக்கிக்கொண்டு, கீழ்க்கட்டளையில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் அன்வரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கோபப்படுவான் என்று எதிர்பார்த்தேன். கொஞ்சம் ஆசைப்பட்டேன் என்றே சொல்லலாம்.

"அது நீங்கதானா அண்ணா?" என்று எனக்கு டீ சொன்னான். "ஆபீஸ் பூரா தேடினேன், கிடைக்கல. வேற வழி? ஞாயித்துக்கிழமை டிரெயின் ஏறி அந்த ரஷ்யக்காரர் ரூமுக்கே போயிட்டேன். ஒவ்வொண்ணையும், உங்க வூட்ல யாரு யாரைத் திட்டறப்ப இதைச் சொல்வாங்கன்னு கேட்டேன். நடிச்சே காட்டுனாரு மனுஷன்."

அகராதியை வாங்கி, தூசி தட்டி, என்னிடமே திருப்பிக் கொடுத்தான்.

"நல்லவேளை எடுத்துட்டுப் போனீங்க. இது இருந்திருந்தா நானும் உங்கள மாதிரிதான் எழுதியிருப்பேன்."