பொத்தேரியில் நான் கொடுத்த மணி

தாம்பரம்–செங்கல்பட்டு மின்சார ரயிலில் நான் கார்டாக இருந்தேன். இப்போது அந்த வேலைக்கு டிரெயின் மேனேஜர் என்று பெயர். ஏறுவதும் இறங்குவதும் முடிந்ததைக் கடைசிப் பெட்டியிலிருந்து பார்த்து இரண்டு முறை மணி கொடுத்தால், முன்னால் மோட்டார்மேன் வண்டியை எடுப்பார். ஒரு ஸ்டேஷனில் நிற்பது அரை நிமிஷம்.

தேர்தல் சமயம். காலை வண்டியில் வேட்பாளர் ஒருவர் ஏறினார். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி, கும்பிட்டு, திரும்ப ஏறுவது அவர் திட்டம். வண்டலூரிலேயே வண்டி லேட். கூடுவாஞ்சேரியில் அவருடைய ஏஜென்ட் என் கேபினுக்கு வந்தார்.

"இன்னா சார், தலைவரு பேசிக்கினு கீறாரு. ரெண்டு நிமிஷம் நிறுத்தி வையி."

"பின்னாடி வண்டி வருது. முடியாது."

"நாளைக்கி அவரு எம்.எல்.ஏ. அப்ப நீ இன்னா பண்ணுவ?"

வேட்பாளர் ஏறியதும் மணி கொடுத்தேன். ஆனால் அந்தப் பேச்சு உள்ளே சுட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்தது பொத்தேரி. காலேஜ் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்து செல்ஃபி எடுத்தார்கள். அரை நிமிஷம் முடிந்தது. அவர் இன்னும் ஏறவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. இங்கேயே கிடக்கட்டும் என்றுதான் மணி கொடுத்தேன்.

அவர் ஓடிவந்து கம்பியைப் பிடித்தார். கால் வழுக்கியது. நான் எமர்ஜென்சி பிரேக்கை இழுத்தேன். வண்டி நின்றபோது அவருடைய ஒரு கால் பிளாட்பார இடுக்கில் இருந்தது. மாணவர்கள் தூக்கிவிட்டார்கள். முழங்கால் கிழிந்து ரத்தம் கொட்டியது.

ஏஜென்ட் என் சட்டையைப் பிடித்தார். வேட்பாளர் தரையில் உட்கார்ந்தபடியே, "விடுய்யா அவர. நான்தான் லேட்டா ஓடியாந்தேன்" என்றார். ஸ்டேஷன் மாஸ்டரிடம் அப்படியே எழுதியும் கொடுத்தார்.

செங்கல்பட்டில் மோட்டார்மேன் சொன்னார்: "அவரே எழுதிக் குட்த்துட்டாரு அண்ணாத்த. நீ இன்னாத்துக்கு வாயத் தொறக்குற?"

ரிப்போர்ட்டில் 'பார்க்கவில்லை' என்று எழுதினேன். அடித்தேன். மறுபடி எழுதி மறுபடி அடித்தேன். பார்க்காதவன் எதற்குக் கார்டு? 'பார்த்தேன், பார்த்தும் மணி கொடுத்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

சார்ஜ் ஷீட் வந்தது. ஒரு வருஷம் இன்கிரிமென்ட் நின்றது. வேட்பாளர் மிச்சப் பிரசாரத்தை முழங்காலில் கட்டோடு முடித்து, தோற்றும் போனார். அவரைப் போய்ப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு ஒன்று சொல்வேன். யாராவது சுடும்படி பேசிவிட்டுப் போனால், அடுத்த ஸ்டேஷனில் மணியைத் தொடுமுன் கதவுகளை இன்னொரு முறை பாருங்கள். லேட்டானால் ஆகட்டும். தாமதத்துக்குக் காரணம் எழுத ஒவ்வொரு பயணத்துக்கும் நாம் எழுதும் ஜர்னலில் ஒரு கட்டம் உண்டு. கோபத்துக்குக் கிடையாது.