தங்கை வீட்டு மணல் தொட்டி

ஒரு பாட்டிலில் பிடி மணலைப் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி வைப்பேன். சட்டென்று அடங்கி மேலே தண்ணீர் தெளிந்தால் நல்ல மணல். கலங்கியே நின்றால் களிமண் கலந்தது. அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூர்த் தொழிற்சாலை ஒன்றில், எந்திரங்களுக்குப் போகும் தண்ணீரை வடிகட்டும் தொட்டிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. மணலைப் பற்றி என்னைவிடத் தெரிந்தவன் கிடையாது என்று நினைப்பு.

நசரத்பேட்டையில் தங்கை வீடு. குடிக்க, சமைக்க, கீரைப் பாத்திக்கு, எல்லாவற்றுக்கும் ஒரே கிணறு. மழை பெய்தால் தண்ணீர் சிவந்து வரும். காய்ச்சாமல் குழந்தைக்குக் கொடுக்கக் கூடாது என்பது மச்சானின் கண்டிப்பு. ஈர விறகோடும் புகையோடும் தங்கை மல்லுக்கட்டுவதைப் பார்க்கச் சகிக்காமல் நானே ஒரு தொட்டி கட்டிக் கொடுத்தேன். செம்பரம்பாக்கம் ஏரி மணல் என் குலுக்கலில் தேறவில்லை. ஆற்று மணலைச் சலித்து, கலங்கல் போகும்வரை அலசினேன். அடியில் கூழாங்கல், அதன்மேல் புளியங்கட்டைக் கரி, கரிக்கு மேல் மணல். மூன்றாம் நாள் தண்ணீர் பளிச்சென்று விழுந்தது.

"இன்னாண்ணா, கண்ணாடி மாரி கீது. இத்தையும் காச்சணுமா?" என்றாள்.

"வாணாம். வெறவ வீணாக்காத" என்றேன்.

எந்திரத்துக்குத் தெளிந்த தண்ணீர் போதும். அதற்குக் காய்ச்சல் வராது. கிணற்றுக்குப் பக்கத்திலேயே அடுத்த வீட்டுக் கக்கூஸ் குழி இருந்தது. அது என் கண்ணில் படாமல் இல்லை. மணல் பிடித்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதமே நாலு வயதுக் குழந்தைக்கு டைபாய்டு.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மச்சான் தங்கையைக் கேட்டார்: "தண்ணி காச்சித்தானே குட்த்த?"

அவள் என்னை ஒரு தரம் பார்த்தாள். "நாலஞ்சு நாளு மறந்துட்டேன்" என்றாள்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். வாயைத் திறக்கவில்லை. என் மரியாதை போய்விடும் என்ற பயம்தான். வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை.

குழந்தை பிழைத்துக்கொண்டது. பழி மட்டும் தங்கையோடு தங்கிவிட்டது. வீட்டில் எந்தச் சண்டை வந்தாலும் அங்கேதான் போய் முடியும். "உங்கண்ணன் அவ்ளோ நல்லா தொட்டி கட்டிக் குட்த்தும், உனக்குக் காச்சத் துப்பில்ல" என்பார் மச்சான், என்னை வைத்துக்கொண்டே. நான் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். இப்படியே வருஷங்கள் போயின. அலுத்துப்போனேன், என்னைப் பார்த்தே.

போன மாதம் மச்சான் காலமானார். காரியம் முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, "அன்னிக்கே அவராண்ட நான் சொல்லிருக்கணும்மா" என்றேன்.

அவள் பாத்திரங்களை அடுக்கிக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

"நீயா சொல்லுவன்னு நானும் பாத்துகினே இருந்தேண்ணா. அவரும் பூட்டாரு."