பன்னிரண்டாவது சத்தம்

வைகாசி 9, வெள்ளிக்கிழமை, மாலை 5.40 மணி. திருவிடந்தையில் இலை அசையாத புழுக்கம்.

பெங்களூரில் மகன் வாங்கிக் கொடுத்த பீரின் நுரையும் மணமும் பிடித்துப்போய், வீட்டிலேயே இஞ்சி பீர் செய்து பார்த்தேன். இஞ்சிச் சாற்றில் சர்க்கரையும் ஈஸ்ட்டும் கலந்து, பழைய கண்ணாடி ஜூஸ் பாட்டில்கள் பன்னிரண்டில் கழுத்துவரை ஊற்றி, இறுக மூடி ஸ்டோர் ரூமில் அடுக்கினேன்.

மூன்றாம் நாள் அவை ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கின. கதவைச் சாத்திவிட்டு, வெளியே நின்று சத்தங்களை எண்ணினேன். அரை மணி நேரம் ஆயிற்று.

"இன்னாங்க இது, தீபாவளியா? முடிஞ்சுதா, இல்லியா?" என்றாள் மனைவி, கையில் துடைப்பத்துடன்.

"பன்னெண்டும் ஆச்சு. போய்ப் பெருக்கு" என்றேன்.

அவள் உள்ளே கால் வைத்ததும் இன்னொரு பாட்டில் வெடித்தது. சில்லு ஒன்று அவளுடைய மூக்குக்கண்ணாடியில் பட்டு, இடது பக்கம் விரிசல் விட்டது. கண் தப்பியது.

நான் எண்ணியதில் ஒன்று, கோயில் தெருவில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போட்ட வெடி!

"எல்லாத்தையும் எண்ணுவீங்களே, எனக்குக் கீறது ரெண்டே கண்ணு. அத்த எண்ணுனீங்களா?" என்றாள்.

இப்போது பிளாஸ்டிக் பாட்டிலில் முக்கால் அளவே ஊற்றுகிறேன். தினமும் இருமுறை மூடியைத் தளர்த்திக் காற்றை விடுகிறேன். இரண்டாம் நாளே ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன். ஸ்டோர் ரூமைப் பெருக்குவதும் நான்தான்.

அவளுக்குப் புதுக் கண்ணாடி வாங்கியதில் ஆன செலவு, ஆட்டோவுடன் சேர்த்து, 2,340 ரூபாய்.