அண்ணனும் ஐந்து கிட்டார்க்காரர்களும்

இந்த நினைவு மலரைப் பந்திக்கு முன்பே எல்லார் கையிலும் கொடுத்துவிட வேண்டும் என்று அண்ணன் மகனிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். வழக்கமாகக் கிளம்பும்போதுதான் கொடுப்பார்கள். நாமும் வீட்டுக்குக் கொண்டுபோய் டிவி மேல் வைத்துவிடுவோம். இதை அப்படி வைத்துவிடாமல் இங்கேயே படிக்கும்படி, அண்ணனின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் சொந்தங்களையும் நண்பர்களையும் அவருடைய ஒரே தம்பி கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். காரணம் கடைசியில் இருக்கிறது.

நான் பயந்த சுபாவக்காரன். செங்கோட்டை தபால் நிலையத்தில் வேலை பார்த்த காலம் முழுவதும், மேலதிகாரி வருகிறார் என்றால் முந்தைய நாளே லீவு எழுதிக் கொடுத்துவிடுவேன். உங்களில் பலர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். அண்ணன் அப்படியில்லை, பட்டாளத்துக்காரர், பயம் அறியாதவர் என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

அண்ணன் வடகரையில் பிறந்தார். கொஞ்சம் வயலும் தென்னையும்தான் குடும்பத்துக்கு. கிணற்று வேலையில் அப்பா தவறியபோது அண்ணன் பள்ளி இறுதி வகுப்பில் இருந்தார், நான் மூன்றாம் வகுப்பு. பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டவர், தென்காசிச் சந்தைக்குப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் படித்த படிப்பும் பார்த்த வேலையும் அவர் போட்ட பிச்சை. இதை அவர் இருக்கும்போது ஒரு நாளும் நான் சொன்னதில்லை.

அணிவகுப்புக்கு வாசிக்கிற பேண்டு தவிர, அதிகாரிகளின் விருந்துக்கு வாசிக்க ஜாஸ் பேண்டு ஒன்றும் அவருடைய படைப்பிரிவில் இருந்தது. அதில் கிட்டார் வாசித்தவர் ஓய்வு பெற்றுப் போக, அவரிடமே கற்றிருந்த அண்ணன் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். ஜாஸ் என்றால் என்ன என்று ஒருமுறை கேட்டேன். "மெட்டு ஒண்ணுதாம்லே. போற வழி மட்டும் அவனவன் இஷ்டம்" என்றார்.

விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பெட்டியில் துணிமணியைவிடக் கேசட்டுகள் அதிகம் இருக்கும். அவற்றில் வாசிக்கும் வெளிநாட்டு கிட்டார் மேதைகளின் பெயர் எங்கள் வாயில் நுழையாது. அதனால் வீட்டில் அவர்களுக்குப் பட்டப்பெயர்தான். மின்னல்காரர் வாசித்தால் விரல் எங்கே போகிறது என்று காதால் தொடர முடியாது. கட்டைவிரல்காரர் தந்தியை மீட்டுகிற பிக் என்ற சின்னத் தகட்டைத் தொடவே மாட்டார், கட்டைவிரல் சதையாலேயே மீட்டுவார். ஒரே மெட்டை மேல் ஸ்தாயியிலும் கீழ் ஸ்தாயியிலும் சேர்த்து வாசிப்பார், அண்ணனும் தம்பியும் சேர்ந்து பாடுவதுபோல இருக்கும். ரெண்டு விரல்காரருக்குத் தீ விபத்தில் இடது கை வெந்து இரண்டு விரல்கள் மடங்கிப்போயின. மிச்சமிருந்த இரண்டை வைத்தே அவர் உலகத்தைத் திரும்பிப் பார்க்க வைத்தார். மௌனக்காரர் ஒரு ஸ்வரம் போட்டுவிட்டு அடுத்ததுக்கு நம்மைக் காக்கவைப்பார். தாளக்காரர் பெரிய பேண்டு ஒன்றின் பின்வரிசையில், தனியாக ஒரு வரிகூட வாசிக்காமல், ஆயுள் முழுக்கத் தாளச் சுற்றுக்கு நாலு தடவை தந்திகளை ஒன்றாகத் தட்டி, நாலு வெட்டு வெட்டிக்கொண்டிருந்தவர்.

"கடைசி ஆளு நீதாம்லே" என்பார் அண்ணன். அவர் ஓய்வு பெற்றுத் தென்காசியில் வீடு கட்டிய பிறகு, தினமும் சாயங்காலம் மொட்டை மாடியில் அவர் வாசிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு கிட்டாரில் நாலு வெட்டுப் போடுவேன். எனக்குத் தெரிந்த வாசிப்பு அவ்வளவுதான். சீசன் நாட்களில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றில் விருந்தாளிகளுக்காகவும் வாசிப்போம். சாரலில் நனைந்து வந்தவர்கள் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு ஜாஸ் கேட்பார்கள்.

அண்ணனிடம் மின்னல்காரர் பாணிதான் எல்லாருக்கும் பிடிக்கும். மூன்று வருடத்துக்கு முன் அதை விட்டார். "வயசாச்சு, ஓட்டம் போதும்லே" என்றார். சரிதானே என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் வாசிக்கும்போதே பிக் கை நழுவி விழ ஆரம்பித்தது. ஒரே சாயங்காலத்தில் மூன்று முறை குனிந்து எடுத்துக் கொடுத்தேன். மறுநாள் அவர் பிக்கே எடுத்து வரவில்லை. "இனிமே நம்ம ஆளு கட்டைவிரல்காரர்தான்" என்று அறிவித்தார். கீழே துணி மடித்துக்கொண்டிருந்த மதினி, "இப்பத்தான் கேக்க இதமா இருக்கு" என்று குரல் கொடுத்தார். அண்ணன் சிரித்தார், நானும் சிரித்தேன். ஆனால் நாலு வெட்டில் ஒரு வெட்டு எனக்குத் தவறியது.

அடுத்த சீசனுக்குள் ரெண்டு விரல்காரர் வந்துவிட்டார். இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் தந்திக்கு வருவதேயில்லை. இந்த வயதிலும் புதிது புதிதாகப் பயிற்சி எடுக்கிறாரே என்று லாட்ஜில் எல்லாரும் மெச்சினார்கள். எனக்குத் தெரிந்துவிட்டது. பாணியை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. விரல் ஒவ்வொன்றாகப் போகப் போக, அந்தக் குறைக்குப் பொருத்தமான மேதை ஒருவரை முன்னால் நிறுத்தி, அவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். அந்தப் பட்டப்பெயர்கள் தெரிந்து, தினமும் பக்கத்தில் உட்கார்ந்த எனக்கு மட்டும்தான் அது புரிந்திருக்க முடியும். மறுநாளே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. கேட்டால் அது உண்மையாகிவிடும் என்று பயம். தினமும் மாடிப்படி ஏறும்போது இன்று எந்த விரல் என்று நினைத்துத்தான் ஏறுவேன்.

போன ஆடிக்கு முந்தைய ஆடியில் கழுத்து பிடித்துக்கொண்டது என்றார். கழுத்து வலிக்கு நம் ஊரில் என்ன செய்வோம்? எண்ணெய் தேய்த்து அருவியில் நிறுத்துவோம். நானும் அதைத்தான் செய்தேன். பேரருவிப் பக்கம் எண்ணெய்க் குளியல் போடும் அண்ணாச்சி ஒருவர் எங்களுக்குப் பழக்கம். அண்ணனின் வலது கையில் எண்ணெய் விட்டு நீவிக்கொண்டு வந்தவர், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வந்ததும் நிறுத்திவிட்டார். அந்த இடத்தை அழுத்திப் பார்த்தார். மற்ற கையையும் பார்த்தார்.

"இந்தக் குழி எப்பம் விழுந்துச்சு?"

அண்ணன் கையை இழுத்துக்கொண்டார்.

"இங்கன சதையே இல்லியே. உங்க கழுத்துல நான் கை வைக்க மாட்டேன் அண்ணாச்சி. அருவியிலயும் நிக்காதிய. இது எண்ணெய்க்குக் கேக்குற சமாச்சாரம் இல்ல, டாக்டர்ட்ட காட்டுங்க" என்றார்.

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று காத்திருந்த பார்வை அது. போவோம் என்று நான் சொல்லியிருந்தால் அப்படியே எழுந்து வந்திருப்பார். நான் சொன்னது இதுதான்: "அவரு என்னமோ சொல்லுதாரு. அஞ்சு நிமிசம் தண்ணியில நில்லுங்கண்ணே, சரியாப் போயிரும்."

நின்றார். தண்ணீர் நேரே பிடரியில் இறங்கியது. அருவியோரத் தடுப்புக் கம்பியைப் பிடித்திருந்த கை விட்டுவிட்டது. முழங்காலில் விழுந்தவரால் எழுந்திருக்க முடியவில்லை. எண்ணெய் அண்ணாச்சிதான் முதலில் ஓடிவந்து தூக்கினார்.

கழுத்தெலும்புக்கு உள்ளே ஏதோ வளர்ந்து, நரம்புத் தண்டை வருடக்கணக்காக நெரித்திருக்கிறது என்று திருநெல்வேலியில் டாக்டர் சொன்னார். விரல் மரத்த காலத்திலேயே வந்திருந்தால் நடந்தே வீட்டுக்குப் போயிருக்கலாமாம். அருவியால்தான் ஆனதா என்று நான் கேட்கவில்லை, அதையும் கேட்கப் பயம். கூடப் பிறந்தவர்களுக்கும் இது வரக்கூடும், நீங்களும் ஒரு ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். தலையாட்டினேன்.

ஆபரேஷன் முடிந்தும் கால்கள் திரும்பவில்லை. ஆறு மாதம் படுக்கை. மதினி அவரைக் குழந்தையாகப் பார்த்துக்கொண்டார். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் நாலு வெட்டுப் போடுவேன், அதற்கு மேல் அவர் மனதுக்குள் வாசித்துக்கொள்வார். "இப்பம் நான் மௌனக்காரர்" என்று ஒரு நாள் சொன்னார். நான் அழுதுவிட்டேன். அப்போதுதான் கேட்டார்.

"உனக்கு முன்னமே தெரியும்லா?"

"தெரியும்ண்ணே."

"பின்ன ஏம்ல சொல்லல?"

"பயமா இருந்துச்சுண்ணே."

"எனக்கும்தாம்லே" என்றார்.

நெஞ்சில் சளி கட்டி, மூச்சு வாங்கி, தை மாதம் ஒரு காலையில் அண்ணன் போய்விட்டார்.

அவரைத் தூக்கிச் சுமந்த அண்ணன் மகனுக்கும், ஒரு நாளும் முகம் சுளிக்காத மதினிக்கும், தினமும் வந்து ஊசி போட்ட நர்சம்மாவுக்கும், விசாரித்து வந்த லாட்ஜ் நண்பர்களுக்கும், பட்டாளத்துத் தோழர்களுக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி. எண்ணெய்க் குளியல் அண்ணாச்சியும் இன்று வந்திருக்கிறார். அவர் பேச்சைக் கேட்காதவன் நான்தான் என்று எல்லார் முன்னிலும் சொல்லிக்கொள்கிறேன்.

இதுவரை எழுதியதை அண்ணன் மகன் படித்துப் பார்த்துவிட்டான். இனி வருவதை நானே அச்சகத்துக்குப் போய்ச் சேர்த்துக் கொடுத்தேன். என் மனைவிக்கும் இது இப்போதுதான் தெரியும், மன்னிக்க வேண்டும்.

கார்த்திகையிலிருந்து என் சுண்டு விரல் மரத்திருக்கிறது. மார்கழியில் பிக் நழுவியது. அண்ணன் நினைவாக மாடியில் வாசிக்கும்போது வெறும் கட்டைவிரலால் மீட்டிக்கொண்டிருந்தேன். மதினி கீழேயிருந்து, "என்ன கொழுந்தனாரே, நீங்களும் கட்டைவிரலா?" என்று கேட்டார். "சும்மா ஒரு ஆசைக்கு, மதினி" என்றேன். அவர் மாடிப்படி ஏறி வருவது கேட்டதும் கிட்டாரை உறையில் போட்டுவிட்டேன்.

இரண்டு முறை பஸ் ஏறித் திருநெல்வேலி ஆஸ்பத்திரி வாசல் வரை போய்த் திரும்பி வந்துவிட்டேன். வாயால் யாரிடமும் சொல்லத் தைரியம் இல்லாததால் இங்கே எழுதுகிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது நான் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருப்பேன். யாராவது வந்து என் வலது கையைப் பிடித்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அழுத்திப் பாருங்கள். ஒன்றுமில்லை என்று சிரிப்பேன், நம்பாதீர்கள். பிடித்த கையை விடாமல் வண்டியில் ஏற்றிவிடுங்கள்.