சந்திரம்மாளின் டம்ளரில் ஒரு சிட்டிகை

பலராமன் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு செங்கம் சாலையோரம் தள்ளுவண்டி போட்டார். விடியற்காலையில் நடக்க வருகிறவர்களுக்குக் கேழ்வரகுக் கஞ்சியும் முருங்கைக்கீரை சூப்பும் அருகம்புல் சாறும் விற்றார். இத்தனை வருஷம் கீழ்பென்னாத்தூர், கீழ்பென்னாத்தூர் என்று கூவிய தொண்டை ஓய்வு பெற மறுத்ததால், கஞ்சியோடு ஒரு பிரசங்கமும் இலவசமாகக் கிடைத்தது. மாத்திரை என்பது விஷம். அடுப்பங்கரையில் இல்லாத மருந்து மருந்துக் கடையில் இருக்க முடியாது. இதற்கு அவர் காட்டிய சாட்சி அவருடைய வயிறுதான். பத்தியச் சாப்பாட்டில் அவருடைய அல்சர் ஆறியிருந்தது. ஆறிய காலத்தில்தான் அவர் டபுள் டியூட்டியையும் பஸ் ஸ்டாண்டு பரோட்டாவையும் விட்டிருந்தார் என்பது பிரசங்கத்தில் வராது.

இப்படிப்பட்ட மனிதருக்குத்தான் 2001-ம் வருஷம் மழைக்காலத்தில் கெண்டைக்கால் இழுக்கத் தொடங்கியது. தூக்கத்தில் சதை உருண்டு கருங்கல்லாகிவிடும். அவர் போடும் சத்தத்தில் மனைவி சரசு எழுந்து கால் கட்டைவிரலைப் பிடித்து மேல்நோக்கி மடக்குவாள். மடக்கிக்கொண்டே, ஊருக்கெல்லாம் விற்கிற சூப்பைத் தானும் குடித்தால் என்ன என்று கேட்பாள். அவர் குடித்துக்கொண்டுதான் இருந்தார். சூப்பைக் கூட்டினார், சாற்றைக் கூட்டினார், கஞ்சியைக் கரண்டி நிற்கிற அளவுக்குக் கெட்டியாக்கினார். ஊரே கேட்ட பிரசங்கத்தை அவருடைய கால் மட்டும் கேட்கவில்லை.

கடைசியில் சரசுவே அவரை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டர், உடம்பில் மெக்னீசியம் கம்மி என்றார். அது எதில் இருக்கிறது என்று பலராமன் கேட்க, கீரையில், கேழ்வரகில், வேர்க்கடலையில் என்று டாக்டர் வரிசையாகச் சொன்னார். எல்லாம் பலராமனின் வண்டிச் சரக்கு. இவ்வளவு சாப்பிட்டும் உங்களுக்குத் தங்கவில்லை, கொஞ்ச நாள் வெளியிலிருந்து கொடுத்துப் பார்ப்போம் என்று சீட்டு எழுதினார்.

சீட்டோடு அவர் போனது நசீர் அகமதுவின் மெடிக்கல் ஷாப்புக்கு. நசீர் அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர். பலராமன் கடையின் முன்வாசலை விட்டுவிட்டுச் சந்துப் பக்கமிருந்த பின்கதவைத் தட்டினார். திறந்த நசீர் சீட்டைப் படித்தார், ஆளைப் பார்த்தார்.

"மாத்திரை கேக்குதா? கொஞ்சம் இரு பலராமா, உன் வண்டியில கஞ்சி குடிக்கிறவங்கள எல்லாம் கூட்டியாந்து வரிசையா நிக்க வெச்சிட்டு அப்புறம் குடுக்கிறேன்."

"குடு பாய், கால் வலி உயிர் போவுது."

முதலில் வந்தது சுண்ணாம்பைக் கரைத்ததுபோல ஒரு வெள்ளை மருந்து. அது காலுக்குப் போகும் வழியில் வயிற்றை ஒரு கை பார்த்தது. மறுநாள் காலை வண்டியைச் சுற்றி வாடிக்கையாளர்கள் நின்றுகொண்டிருக்கும்போதே பலராமன் அகப்பையைப் போட்டுவிட்டு எதிரே இருந்த லாட்ஜுக்கு ஓடினார். திரும்பி வந்ததும், உடம்பிலுள்ள நச்சைக் கீரை வெளியேற்றுகிறது என்று விளக்கமும் கொடுத்தார். அடுத்து மாத்திரை. வெறும் வயிற்றில் முழுசாகப் போட்டதில் ஓட்டம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. விட்டுவிடலாமென்றால் கால் விடவில்லை. பிறகு நசீர்தான் வழி சொன்னார்: நாலாக உடை, ஒவ்வொரு துண்டாகச் சாப்பாட்டோடு போடு, அவசரப்படாதே. பலராமன் துண்டைப் பொடித்துக் கேழ்வரகுக் கஞ்சியில் போட்டு, மோர் விட்டுக் கலக்கினார். சுண்ணாம்பு ருசி கேழ்வரகில் காணாமல் போனது. வயிறு வாயைத் திறக்கவில்லை. தை பிறப்பதற்குள் கால் அடங்கியது.

கஞ்சி குடித்துத்தான் கால் சரியாயிற்று என்று அவர் வண்டியில் அறிவித்தார். கஞ்சியில்தானே குடித்தார்? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லாத அந்த வாக்கியம் அவருக்கு நிரம்பப் பிடித்திருந்தது.

அதை முழுசாக நம்பியவள் சந்திரம்மாள்.

அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள் அவள். ஷேர் ஆட்டோ பிடிப்பதற்கு முன்னால் தினமும் வண்டியில் ஒரு டம்ளர் கஞ்சி குடிப்பாள். அவளுக்குச் சர்க்கரை உண்டு; கெண்டைக்கால் இழுப்பும் நெடுநாளாக உண்டு. பெரிய ஆஸ்பத்திரியில் அதற்காக ரத்தமும் சிறுநீரும் சோதிக்க எழுதிக் கொடுத்தபோது, போகட்டுமா என்று அவள் கேட்டது பலராமனைத்தான். ஊசி குத்தி ரத்தம் எடுத்தால் இருக்கிற தெம்பும் போகும், கஞ்சி குடி என்றார் அவர். அவளும் அதோடு விட்டுவிட்டாள். இதெல்லாம் அவருக்குக் கால் இழுப்பதற்கு முந்தைய கதை.

இப்போது அவள் டம்ளரை நீட்டிக்கொண்டே சொன்னாள்: "உங்களுக்குக் கேட்ட கஞ்சி எனக்கு ஏண்ணா கேக்க மாட்டேங்குது? நான் பண்ண பாவமா?"

பலராமன் கஞ்சியை ஊற்றினார். அவளை ஓரமாகக் கூப்பிட்டு உண்மையைச் சொல்வதற்கு ஒரு நிமிஷம் போதும். அந்த நிமிஷத்தை மட்டும் அவரால் செலவழிக்க முடியவில்லை. அதற்குப் பதிலாக மறுநாள் வண்டியின் கீழ்த்தட்டில் ஒரு சின்ன டப்பாவில் மாத்திரைப் பொடியைக் கொண்டுவந்தார். அவள் சில்லறைக்காக முந்தானை முடிச்சை அவிழ்க்கிற நேரத்தில் ஒரு சிட்டிகை எடுத்து அவள் டம்ளரில் போட்டுக் கலக்கினார். இதை அவர் பரிகாரம் என்று நினைத்தார். தான் கெடுத்ததைத் தானே சரிசெய்கிறோம், யாருக்கு என்ன நஷ்டம்?

மாசி முடிவதற்குள் சந்திரம்மாளின் கால் இழுப்பு நின்றது. நின்றதும் அவள் வாய் திறந்தது. ஷேர் ஆட்டோவிலும், ரேஷன் கடையிலும், பள்ளிக்கூடத்து டீச்சர்களிடமும் கண்டக்டரண்ணன் கஞ்சியைப் பற்றியே பேசினாள். கூட்டம் வந்தது. வந்தவர்களில் பலருக்குக் கால் வலி அப்படியே இருந்தது. அவர்களுக்கு அவளே பதில் சொன்னாள்: நம்பிக்கையில்லாமல் குடித்தால் எப்படிக் கேட்கும்?

அவள் புகழப் புகழ பலராமனின் பிரசங்கம் குறைந்தது. ஒருநாள் அவள் தன் வீட்டு வாசலில் பறித்த முருங்கைக்கீரையை ஒரு கட்டாகக் கொண்டுவந்து, காணிக்கைபோல இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கிக்கொண்டவருக்கு அன்று முழுவதும் சோறு இறங்கவில்லை. சரசு என்ன என்று கேட்டதற்கு, வெயில் ஜாஸ்தி என்றார்.

மாத்திரை சீக்கிரம் தீர்வதை முதலில் கவனித்தவர் நசீர். வேறு யாருக்குக் கொடுக்கிறாய் என்று கேட்டார். பலராமன் கொஞ்சம் பெருமையாகவே சொன்னார். வழக்கமாகக் கிண்டல் செய்கிற நசீர் அன்று சிரிக்கவில்லை.

"அந்தம்மாவுக்குச் சுகர்னு சொன்ன. கிட்னி எப்பிடிக் கீது?"

"அது எனக்கெப்பிடித் தெரியும்?"

"டெஸ்ட்டு எடுத்தாங்களா?"

பலராமன் மாத்திரை அட்டையைச் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"கிட்னி சரியில்லாதவங்களுக்கு இது உடம்புல சேந்துக்கும். நாடி விழும், மூச்சு நிக்கும். மாத்திரை விக்கிறவன் நான், கேக்காம ஒருத்தருக்கும் குடுக்கறதில்ல. மாத்திரையே விஷம்னு சொல்ற நீ, கேக்காம குடுத்திருக்க."

பலராமன் மறுநாளே சிட்டிகையை நிறுத்தினார். நிறுத்தியது பொடியைத்தான், பயம் நிற்கவில்லை. சந்திரம்மாளின் பாதம் சில நாள் வீங்கியிருப்பது இப்போதுதான் அவர் கண்ணில் பட்டது. அது முன்பும் அப்படித்தானா, இப்போதுதானா? சோர்வாக இருக்கிறது என்று அவள் சொன்னால், அவள் மூச்சு விடுவதையே கவனித்தார். ஒருநாள் அவள் வரவில்லை. வண்டியைப் பாதியில் மூடிவிட்டு அவள் தெருவுக்குப் போய், வாசலில் அவள் துணி துவைப்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது. பள்ளிக்கூடம் லீவு என்றாள். எதற்கு வந்தீர்கள் என்றதற்கு, சும்மா இந்தப் பக்கம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார்.

பிறகு அவளுக்குக் கால் மறுபடி இழுத்தது. வண்டிக்கு வந்து, கஞ்சியில் எதையாவது குறைத்துவிட்டீர்களா என்று கேட்டாள். கேள்வி அப்பாவித்தனமானதுதான். மற்றவர்கள் கிளம்புகிறவரை அவளை இருக்கச் சொல்லி, பலராமன் எல்லாவற்றையும் சொன்னார். கூவியே பழகிய அவர் தொண்டை அதற்கு முன் அவ்வளவு தாழ்ந்து பேசியதில்லை.

சந்திரம்மாள் டம்ளரைக் கீழே வைத்தாள்.

"எரநூறு புள்ளைங்களுக்கு நான் சோறு ஆக்கறேன். சாம்பார்ல நான் இப்பிடி ஒன்ன யாருக்கும் தெரியாம போட்டிருந்தா, நல்லதுக்குத்தான் போட்டேன்னு சொன்னா, என்னை உட்டுருப்பாங்களாண்ணா?"

மாட்டார்கள் என்றார் பலராமன்.

"ரத்தம் குடுக்கவும் நீங்கதான் வேணாம்னீங்க."

அதற்கும் ஆமாம் என்றார்.

அன்றே அவளோடு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார். அவள் பெஞ்சின் ஒரு முனையில், இவர் மறுமுனையில். முடிவு வர ஒருநாள் ஆயிற்று. கிட்னிக்கு ஒன்றும் இல்லை, மெக்னீசியம்தான் கம்மி. டாக்டர் பலராமனுக்கு எழுதிய அதே மாத்திரையை அவளுக்கும் எழுதினார். பலராமனுக்கு நிம்மதியில் அழுகை வந்தது. ஆனால் இது தன் சாமர்த்தியமில்லை, அவளுடைய கிட்னியின் தயவு என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

வெளியே வந்ததும் சந்திரம்மாள் சீட்டை அவர் கையில் கொடுத்தாள்.

"மாத்திரையை நான் முழுங்க மாட்டேன். விஷம்னு நீங்க சொல்லிச் சொல்லி, பாத்தாலே கொமட்டுது. கஞ்சியிலயே போட்டுக் குடுங்க. ஆனா என் கண்ணெதுர போடணும். எல்லாரும் இருக்கும்போது போடணும்."

மறுநாள் காலை கூட்டத்தின் நடுவே அவள் டம்ளரை நீட்டினாள். பலராமன் மாத்திரையை எடுத்து உடைத்தார். தினமும் நடக்க வருகிற ஒரு ஓய்வுபெற்ற தாசில்தார் அது என்ன என்று கேட்டார். பலராமன் என்ன சொல்கிறார் என்று சந்திரம்மாள் காத்திருந்தாள்.

"மாத்திரைதாங்க," என்றார் பலராமன். "எனக்கும் இதுலதான் கால் சரியாச்சு."

அருகம்புல் சாற்றைக் கையில் வைத்திருந்த இரண்டு பேர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் போனார்கள். தங்களுக்கும் ஒரு சிட்டிகை போடச் சொல்லி மூன்று பேர் நெருங்கினார்கள். அவர்களை முதலில் ரத்தம் பார்க்கச் சொல்லி அனுப்பினார். தாசில்தார், அப்படியானால் கஞ்சி எதற்கு என்று கேட்டார். வயிறு தாங்குவதற்கு என்றார் பலராமன். அந்த வண்டியிலிருந்து வந்த முதல் சரியான மருத்துவக் குறிப்பு அதுவாகத்தான் இருக்கும்.

சந்திரம்மாள் வருவதை நிறுத்தவில்லை. அண்ணா என்று கூப்பிடுவதையும் நிறுத்தவில்லை. முருங்கைக்கீரை மட்டும் அதற்குப் பிறகு வரவில்லை. முன்பெல்லாம் டம்ளரை நீட்டிவிட்டுத் தெருவை வேடிக்கை பார்ப்பாள், முந்தானை முடிச்சை அவிழ்ப்பாள், யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பாள். இப்போது சில்லறையை முதலிலேயே வைத்துவிடுகிறாள். அகப்பை பானைக்குள் போய் வெளியே வருகிறவரை அவள் பார்வை பலராமனின் கையைவிட்டு அகல்வதில்லை. அவரும் கையை நன்றாக வெளிச்சத்தில் வைத்துத்தான் ஊற்றுகிறார்.